மெய்நிகர் உலகில் கற்றலை நம் மாணவர்கள் ஏற்பார்களா? வினாக்கொத்து பற்றி ஆலோசனை தேவை

அக்கரைமகள் எழுதியது:

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். நான் ஒலுவிலில் முகாமைத்துவம் பயிலும் இறுதியாண்டு மாணவி. பலர் ஒரே நேரத்தில் அவதார உருக்களுடன் நுழைந்து, நடந்து, பேசி, பொருட்களைக் கட்டியெழுப்பக்கூடிய செகண்ட் லைஃப், ஓப்பன்சிம் போன்ற மெய்நிகர் உலகங்களைக் கற்றலுக்குப் பயன்படுத்தினால், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உயர்கல்வி மாணவர்கள் அதனை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்வார்கள் என்பதே என் ஆய்வுத் தலைப்பு.

ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை அடிப்படையாக எடுத்திருக்கிறேன். ஒரு கருவியால் தமக்குப் பயன் உண்டு என்ற எண்ணமும், அதைக் கையாள்வது இலகு என்ற எண்ணமும் சேர்ந்துதான் அதைப் பயன்படுத்தும் நோக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். ஐந்து புள்ளி அளவுகோலில் கூற்றுகளை அமைத்து, கூகுள் படிவமாக வட்ஸ்அப் குழுக்களில் அனுப்பத் திட்டமிட்டுள்ளேன்.

முன்னோட்டமாகச் சில தோழிகளுக்குப் படிவத்தைக் கொடுத்தபோது, ஏறத்தாழ எல்லோருமே எல்லாக் கூற்றுகளுக்கும் "முற்றாக உடன்படுகிறேன்" என்பதையே தெரிவுசெய்துவிட்டார்கள். இத்தனை உடன்பாடு எனக்கு மகிழ்ச்சியைவிடக் குழப்பத்தையே தருகிறது. கூற்றுகளை மாற்ற வேண்டுமா, மாதிரியையே மாற்ற வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வந்தாறுமூலையான் எழுதியது:

தங்கச்சி, உங்கள் தோழிகள் எதனுடன் உடன்பட்டார்கள் என்பதை முதலில் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். மெய்நிகர் உலகம் என்றவுடன் ஒருவர் முகத்தில் மாட்டும் ஹெட்செட்டை நினைப்பார், இன்னொருவர் பப்ஜியை நினைப்பார், 2020இன் முடக்க காலத்தைக் கடந்து வந்த வேறொருவர் சூம் வகுப்பை நினைப்பார். மூவரும் ஒரே கூற்றுக்கு ஒரே புள்ளியைக் கொடுத்தாலும் அவர்கள் மதிப்பிட்டது மூன்று வெவ்வேறு பொருட்களை. அந்த மூன்றின் சராசரியை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருள் எவ்வளவு நேர்த்தியாகக் கணித்துத் தந்தாலும், அது எதன் சராசரி என்று உங்களால் சொல்ல முடியாது.

டேவிஸின் கட்டுரையை முழுமையாக வாசித்திருப்பீர்கள் என நம்புகிறேன், ஏனெனில் நம் நாட்டில் பலர் அந்த மாதிரியின் வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் எப்படி ஆய்வு செய்தார் என்பதை விட்டுவிடுகிறார்கள். அவர் 152 பயனர்களிடம் நான்கு மென்பொருள்களைப் பற்றிக் கேட்டார். முதற் பகுதியில் பதிலளித்தவர்கள் கனடாவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் அவற்றுள் இரண்டைத் தம் வேலைக்காகப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள். இரண்டாம் பகுதியில் பதிலளித்த 40 பேர் மாணவர்கள், பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. பயின்றவர்கள். அவர்களிடமும் வெறுமனே படிவத்தை நீட்டவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே எனினும், மென்பொருளைக் கையில் கொடுத்துப் பயன்படுத்தவைத்த பிறகே கேட்டார்.

ஆகவே உங்கள் சிக்கல் கூற்றுகளில் இல்லை. நுழைந்தே பாராத ஓர் இடத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டால், மரியாதை நிமித்தம் ஆம் என்பது நம் மாணவரின் இயல்பு, அதிலும் கேட்பவர் தோழியாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

கூடத்துக்காரன் எழுதியது:

நான் இக்கரையோரத்திலுள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் கணினி ஆய்வுகூடத்தைப் பராமரிப்பவன், விரிவுரையாளன் அல்ல. ஆகவே மாதிரிகளைப் பற்றிப் பேசாமல், நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

முன்பு ஒரு பாடத்தின் கருத்தரங்கை மெய்நிகர் உலகில் நடத்திப் பார்க்கலாம் என்று எமது விரிவுரையாளர் ஒருவர் ஆர்வத்துடன் ஏற்பாடு செய்தார். வெளிநாட்டுச் சேவையகம், நமது பகிரப்பட்ட இணைய இணைப்பு, கூடம் நிறைய மாணவர்கள். இத்தகைய உலகில் நுழைபவரின் உருவமும் உடையும் சேவையகத்திலிருந்து இறங்கி முடியும்வரை, அவர் மற்றவர்களின் கண்ணுக்கு ஒரு மங்கலான துகள் மேகமாகத்தான் தெரிவார். நல்ல இணைப்பில் சில நொடிகளில் மேகம் கலைந்து மனிதர் வெளிப்பட்டுவிடுவார். அன்று எங்கள் கூடத்தில் மேகம் கலையவே இல்லை. தன் உருவத்துக்குச் சிவப்புச் சட்டையும் சுருள் முடியும் பார்த்துப் பார்த்துத் தெரிவுசெய்திருந்த ஒரு மாணவன், வகுப்பு முடியும்வரை மேகமாகவே மேடையில் நின்று தன் கட்டுரையைச் சமர்ப்பித்தான். மற்ற மேகங்கள் கைதட்டின. எல்லோரும் ஒரே அறைக்குள்தான் இருந்தார்கள் என்பதால் கைதட்டல் திரையில் வருவதற்கு முன்பே காதில் விழுந்தது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், மகிழ்ச்சியாகவே வெளியேறினார்கள். அந்த வாசலில் நின்று படிவம் கொடுத்திருந்தால் அத்தனை பேரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பார்கள். ஆனால் கூடம் திறந்திருந்த ஏனைய நேரங்களில் ஒருவர்கூட அந்த மென்பொருளை மீண்டும் திறக்கவில்லை. அது இன்னமும் சில கணினிகளில் கிடக்கிறது. அடுத்த தொகுதி மாணவர்கள் அது என்ன என்று என்னிடம் கேட்பதும் உண்டு.

தங்கச்சி எதை ஏற்பு என்று எண்ணப் போகிறார், அந்தச் சிரிப்பையா அல்லது அந்தத் திறக்கப்படாத மென்பொருளையா?

வெண்தாமரை எழுதியது:

நான் மட்டக்களப்பில் தாதியியல் பயில்பவள். மேலே பேசப்படுவது கணினித் திரையில் தெரியும் உலகத்தைப் பற்றியது. எனக்குக் கிடைத்த அனுபவம் ஹெட்செட் பற்றியது. ஒரு பயிற்சிப் பட்டறையில் நோயாளியின் படுக்கையருகே நின்று உரையாடும் பயிற்சியை அதன் வழியாகக் காட்டினார்கள், பாடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. பதற்றமடைந்த நோயாளியிடம் பேசிப் பழகுவதற்கு, தவறு செய்தாலும் எவருக்கும் வலிக்காத ஓர் இடம் கிடைப்பது எங்கள் துறையில் சாதாரண விடயமல்ல.

இருந்தும் பெண் மாணவிகள் பலர் முன்வரத் தயங்கினார்கள். ஏற்பாட்டாளர்கள் அதனைத் தொழில்நுட்ப அச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது அச்சமே அல்ல. ஹெட்செட்டை மாட்டியவுடன் அறையை நீங்கள் பார்க்க முடியாது, ஆனால் அறையிலுள்ள அனைவரும் உங்களைப் பார்க்க முடியும். வெறுங்காற்றில் கையை நீட்டுகிறீர்கள், குனிகிறீர்கள், தடுமாறுகிறீர்கள், யாருடைய கைப்பேசி உங்களைப் படம் பிடிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பர்தா அணிந்த தோழி ஒருத்திக்கு, தலையைச் சுற்றி இறுக்கும் பட்டியைச் சரிசெய்ய ஓர் ஆண் உதவியாளர் அருகில் வந்தபோது, அவள் பேசாமல் எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டாள். பின்னர் ஒரு சிறிய அறையில், கதவைச் சாத்தி, மாணவிகள் மட்டும் இருந்து செய்தபோது அவளே இரண்டு முறை மாட்டிப் பார்த்தாள்.

இதற்கான ஒரு கூற்று தங்கச்சியின் படிவத்தில் இருக்கிறதா? "பயனுள்ளது" என்பதற்கும் "இலகுவானது" என்பதற்கும் அவள் இரு தடவையும் ஒரே புள்ளியைத்தான் போட்டிருப்பாள்.

வயல்வெளி எழுதியது:

எல்லோரும் பொறுமையாக எழுதுகிறீர்கள், நான் சற்றுக் கடுமையாகவே கேட்கிறேன். நான் திருக்கோவில் பக்கம், கணக்கியலில் பட்டம் முடித்தவன். இந்த ஆய்வே நமக்கு எதற்கு?

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளை, காலையில் மண்டூர்த் துறையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்காகக் காத்து நின்று, பேருந்து பிடித்து வகுப்புக்கு வருகிறது. மாத முடிவில் கைப்பேசிக்கு ரீலோட் போடுவதற்கு மஹாபொலப் புலமைப்பரிசில் பணத்தை எதிர்பார்த்திருக்கும் அந்தப் பிள்ளையிடம் போய், முப்பரிமாண உலகில் படிக்க விருப்பமா என்று கேட்பது எனக்கு ஒரு கேலியாகவே படுகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா?

அதோடு, மெய்நிகர் உலகத்தை நம் இளைஞர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பது ஒரு கேள்வியே இல்லை. இரவு இரண்டு மணிக்கு எந்த விடுதியிலும் போய்ப் பாருங்கள், பப்ஜியிலும் ஃப்ரீ ஃபயரிலும் அவர்கள் ஏற்கெனவே குடியேறிவிட்டார்கள். அங்கே பாடத்தைக் கொண்டுபோனால் அவர்கள் அந்த இடத்தைவிட்டு வெளியேறுவார்கள், அவ்வளவுதான்.

வந்தாறுமூலையான் எழுதியது:

வயல்வெளித் தம்பியின் கோபத்தில் ஆய்வுக்கு மிகவும் பயன்படும் ஒரு செய்தி இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேவிஸின் மாதிரிக்குப் பிறகு, 2003இல் வெங்கடேஷ், மோரிஸ் ஆகியோருடன் இரண்டு டேவிஸ்கள் சேர்ந்து (ஒருவர் கோர்டன், மற்றவர் நமது ஃபிரெட்) முன்னைய எட்டு மாதிரிகளை ஒப்பிட்டு ஒருங்கிணைந்த ஒன்றை வெளியிட்டார்கள். அதில் நான்கு காரணிகள் உண்டு. செயற்திறன் கூடும் என்ற எதிர்பார்ப்பு, முயற்சி குறையும் என்ற எதிர்பார்ப்பு, சுற்றியுள்ளோரின் செல்வாக்கு ஆகிய மூன்றும் பயன்படுத்தும் நோக்கத்துக்குச் செல்கின்றன. நான்காவதான வசதி நிலைமைகள், அதாவது கருவி, இணைப்பு, உதவிக்கு ஆள் போன்றவை, அம்மாதிரியில் நோக்கத்துக்குச் செல்வதில்லை, நேரே பயன்பாட்டுக்குச் செல்கின்றன. வசதி இல்லை என்பதற்காக ஒருவரின் விருப்பம் குறைந்துவிடுவதில்லை, விருப்பம் இருந்தும் அவரால் பயன்படுத்த முடியாமல் போகிறது என்பதே இதன் பொருள்.

நம் பல்கலைக்கழகங்களில் சமர்ப்பிக்கப்படும் இளமாணி ஆய்வுகளில் நான் வாசித்தவற்றுள் பெரும்பாலானவை, நேரமும் வசதியும் போதாமையால், நோக்கத்தோடு நின்றுவிடுகின்றன. பயன்பாட்டை அளப்பதில்லை. கொழும்பில் நல்ல ஃபைபர் இணைப்புள்ள வீட்டு மாணவரிடம் இவ்வாறு செய்தால் இழப்பு சிறிதாக இருக்கலாம். வெல்லாவெளியிலும் பொத்துவிலிலும் இருந்து வரும் மாணவரிடம் செய்தால், எது அவரை உண்மையில் தடுக்கிறதோ அதுவே ஆய்வுக்கு வெளியே விழுந்துவிடுகிறது. 2020இல் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஊடாகத் தரவுக் கட்டணமின்றி வகுப்புகளில் இணையும் சலுகை இருந்தபோதும், அது இல்லாதபோதும், என் மாணவர்களின் விருப்பத்தில் மாற்றத்தை நான் காணவில்லை. வருகைதான் மாறியது.

பப்ஜி பற்றியும் ஒரு வார்த்தை. விளையாட்டுக்காக ஒன்றை ஏற்பதும் வேலைக்காக ஏற்பதும் வெவ்வேறு என்பதை ஆய்வாளர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். 2012இல் வந்த விரிவாக்கப்பட்ட ஒருங்கிணைந்த மாதிரியில் இன்பம், விலைக்கேற்ற மதிப்பு, பழக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்தார்கள். எனினும் இன்பம் கூடினால் கற்றலும் கூடும் என்று எண்ண வேண்டாம். மக்ரான்ஸ்கி, டெர்கில்ட்சன், மேயர் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 52 பல்கலைக்கழக மாணவர்கள் கணினியில் போலச்செய்த ஒரே அறிவியல் ஆய்வுகூடப் பயிற்சியை ஹெட்செட்டிலும் சாதாரணத் திரையிலும் செய்தார்கள். ஹெட்செட்டில் அங்கேயே இருப்பது போன்ற உணர்வு கூடியது, ஆனால் கற்றது குறைந்தது. மூளையின் மின் அலைப் பதிவுகளும் அங்கே மனச்சுமை கூடியதையே காட்டின. மாணவர் ஏற்றுக்கொண்டார் என்பதும் மாணவர் கற்றார் என்பதும் ஒன்றல்ல, தங்கச்சி தன் முடிவுரையில் இவ்விரண்டையும் ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்கரைமகள் எழுதியது:

சேர், மிக்க நன்றி. அப்படியென்றால் பயன்பாட்டை எப்படி அளப்பது? என்னிடம் ஹெட்செட்டும் இல்லை, சேவையகமும் இல்லை. கூகுள் கார்ட்போர்ட் போன்ற அட்டைக் கண்ணாடியைச் செய்து, மாணவர்களின் சொந்தக் கைப்பேசிகளிலேயே முயன்றால் என்ன?

கூடத்துக்காரன் எழுதியது:

வேண்டாம் தங்கச்சி. மலிவான பல கைப்பேசிகளில், போன் திரும்புவதை அறியும் ஜைரோஸ்கோப் உணரி கிடையாது. அது இல்லாத போனை அட்டைக்குள் வைத்தால், தலையைத் திருப்பினாலும் காட்சி திரும்பாது. அருகருகே அமரும் இரு மாணவருள் ஒருவருக்கு உலகம் சுழலும், மற்றவருக்கு முகத்தோடு ஒட்டிய ஒரு படமாக நிற்கும். பிறகு நீங்கள் அளப்பது மாணவரின் ஏற்பை அல்ல, அவர் போனின் விலையை. கார்ட்போர்ட் விற்பனையைக் கூகுளே 2021இல் நிறுத்திவிட்டது.

கோட்டைமுனை எழுதியது:

வேறொரு கோணத்தைச் சேர்க்கலாமா? நான் வரலாறு பயின்றவன், இப்போது பாடசாலையில் கற்பிக்கிறேன். மாணவர்கள் ஆயத்தமாகக் கட்டிமுடித்த ஓர் உலகுக்குள் அழைத்துச் செல்லப்படுகிறார்கள் என்றே இந்த உரையாடல் முழுவதும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பெருந்தொற்றின்போது பெர்க்லி மாணவர்கள் செய்தது வேறு. பட்டமளிப்பு விழா நடக்காது என்றானபோது, அவர்களே மைன்கிராஃப்டில் தங்கள் வளாகத்தைக் கட்டியெழுப்பி, 2020 மே மாதத்தில் அதற்குள் ஒரு விழாவை நடத்தினார்கள். எவரும் அவர்களிடம் புள்ளி தருவதாகச் சொல்லவில்லை, படிவமும் கொடுக்கவில்லை.

நம்மிடமும் கட்டுவதற்கு ஒன்று இருக்கிறது. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். அதன் கொத்தளங்களை மாணவர்களே அளந்து, பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டு, வாவியின் பக்கம் எந்த மதில் பார்த்திருந்தது, பீரங்கி எத்திசையில் நின்றது என்று தமக்குள் வாதிட்டு ஓப்பன்சிம்மில் கட்டட்டும். அங்கே நடப்பது கற்றல்தானா என்று கேட்க வேண்டிய தேவையே இருக்காது என நினைக்கிறேன். மதிலின் உயரத்தைப் பற்றி இருவர் சண்டை பிடித்தால், அடுத்த நாள் இருவருமே நாடாவுடன் கோட்டைக்குப் போவார்கள்.

கூடத்துக்காரன் எழுதியது:

இது செய்யக்கூடியதே. ஓப்பன்சிம் 2007இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை. கூடத்திலுள்ள ஒரு கணினியையே சேவையகமாக்கி, உள்ளக வலையமைப்பில் மட்டும் ஓட்டினால் வெளி இணையம் தேவைப்படாது, ஆகவே எவரும் மேகமாக நிற்க வேண்டியிராது. ஒரு வழக்கமான நிலத்துண்டு 256 மீற்றர் நீளமும் 256 மீற்றர் அகலமும் கொண்டது, கோட்டை அதற்குள் அடங்கிவிடும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் காட்சித் தூரத்தையும் நிழல்களையும் குறைத்து வைக்க வேண்டும், அழகு சற்றுக் குறையும்.

ஆய்வுக்கு இன்னொரு வசதியும் உண்டு. யார் எப்போது நுழைந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதைச் சேவையகத்தின் பதிவிலிருந்து எடுக்கலாம்.

வயல்வெளி எழுதியது:

சேவையகம் சரி, அதைப் பராமரிப்பவர் இடமாற்றம் பெற்றுப் போனால்? இவ்வுலகங்கள் பாதியில் கைவிடப்பட்ட கதைகளும் வரலாறுதான். 2010இல் செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லாப் நிறுவனம் கல்வி நிறுவனங்களுக்கான ஐம்பது சதவீத விலைக் கழிவை நிறுத்தப் போவதாக அறிவித்ததும், செகண்ட் லைஃபில் நிலம் வாங்கி வளாகம் கட்டியிருந்த பல பல்கலைக்கழகங்கள் மூட்டை கட்டின. கழிவு 2013இல் திரும்பி வந்தது, போனவர்களில் பலர் திரும்பவில்லை. மொசில்லா, ஹப்ஸ் என்ற தன் மெய்நிகர் அறைச் சேவையை 2024 மே மாத இறுதியில் மூடியது. நிறுவனங்களே ஏற்காத ஒன்றை மாணவர் ஏற்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள் என்பதுதான் நான் கேட்டுக்கொள்வது. கோட்டை யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அதற்குப் புள்ளி வழங்கினால் வருவார்கள், வழங்காவிட்டால் வரமாட்டார்கள் என்றே இன்னமும் நினைக்கிறேன்.

அக்கரைமகள் எழுதியது:

வயல்வெளி அண்ணா சொன்ன அதே விடயத்தையே சோதித்துப் பார்க்கலாம் என்று மேற்பார்வையாளரும் நேற்றுச் சொன்னார். 2003ஆம் ஆண்டு மாதிரியில் தன்விருப்பம், அதாவது கட்டாயமின்றித் தாமாகப் பயன்படுத்துவது, மற்றக் காரணியின் செல்வாக்கைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஒன்றாகவே இடம்பெறுவதால், மாதிரியைக் கைவிட வேண்டிய தேவையும் இல்லை.

இப்போதைய திட்டம் இதுதான். முதலில் எல்லோரும் கூடத்தில் ஓர் அமர்வில் நுழைந்து கட்டிப் பழகுவார்கள், அதற்குப் பிறகே வினாக்கொத்து. பின்னர் பாடத்துடனோ புள்ளியுடனோ தொடர்பில்லாத வகையில் கூடத்தை மாலை வேளைகளில் திறந்து வைத்து, யார் தாமாகத் திரும்பி வருகிறார் என்பதைச் சேவையகப் பதிவில் பார்ப்பேன். பதிவு எடுக்கப்படும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லி ஒப்புதல் பெறுவேன், அவ்வாறு சொல்வதால் சிலர் எனக்காகவே வரக்கூடும் என்பது தெரிந்ததுதான். திரும்பி வராதவர்களிடம் மட்டும் நேர்காணல் செய்ய எண்ணுகிறேன், கடைசிப் பேருந்து காரணமா, கூச்சம் காரணமா, சலிப்பு காரணமா என்பதைப் படிவத்தால் பிரித்தறிய முடியாது. வீட்டில் கருவி உண்டா, இணைப்பு எப்படி, கூடத்திலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பவற்றை வசதி நிலைமைகளின் கீழ் தனித்தனியாகக் கேட்டு, நோக்கத்தோடு அல்லாமல் பயன்பாட்டோடு இணைத்துப் பார்ப்பேன். எண்ணிக்கை சிறிதாகவே இருக்கும் என்பதால் இரு மாவட்டங்களுக்கும் பொதுவான முடிவாக எதையும் எழுதப் போவதில்லை.

வெண்தாமரை எழுதியது:

மாலை வேளை என்றால் எத்தனை மணி வரை? ஐந்தரைக்குப் பிறகு கூடம் திறந்திருந்தால் வெளியிலிருந்து வரும் மாணவிகளில் அநேகர் உங்கள் பதிவில் "திரும்பி வராதவர்கள்" ஆகிவிடுவார்கள். மதிய இடைவேளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு வேளையை மாணவிகளுக்கு மட்டும் ஒதுக்கினால், அதே நபர்கள் எந்த வேளையில் வருகிறார்கள் என்பதையும் ஒப்பிடலாம்.

கூடத்துக்காரன் எழுதியது:

தங்கச்சியின் நிறுவனத்தில் கூடம் கிடைக்காவிட்டால் எமது கூடத்துக்குப் பணிப்பாளரின் அனுமதி கேட்டுப் பார்க்கிறேன், மேற்பார்வையாளரின் கடிதம் ஒன்று தேவைப்படும். மதிய இடைவேளையில் திறப்பதானால் நான் சாப்பாட்டைக் கூடத்துக்கே கொண்டுவர வேண்டியிருக்கும், அது பரவாயில்லை. வருபவர்கள் தத்தமது இயர்போனை எடுத்து வரச் சொல்லுங்கள், கூடத்திலுள்ளவற்றில் பாதி ஒரு காதில்தான் கேட்கும்.